மூட்டையைக் குறைத்து மலையேறுவோம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டை ஒட்டி நம் சங்கம் இரண்டு நாள் நடை ஒன்றை ஏற்பாடு செய்கிறது. கொட்டகலையிலிருந்து நோர்வூட், அங்கே ஓர் இரவு கூடாரத்தில் தங்கல், மறுநாள் பொகவந்தலாவை. பெயர் கொடுத்தவர்களில் இருபத்தைந்து வயதுத் தங்கையும் இருக்கிறார், அறுபத்தெட்டு வயது அக்காவும் இருக்கிறார். பெயர் கொடுத்த கையோடு எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "என்ன வாங்க வேண்டும்?" கனடாவிலிருந்து ஒருவர் மூன்று பக்கப் பட்டியல் அனுப்பி, சரிதானா என்று கேட்டிருந்தார். கூட்டிப் பார்த்தேன். பத்தொன்பது கிலோ. அவருடைய எடை ஐம்பத்திரண்டு என்று அவரே எழுதியிருந்தார். அதனால்தான் செயலாளர் என்னை இந்த மேடையில் ஏற்றினார். நான் புவியியல் ஆசிரியை. பல ஆண்டுகளாகப் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போய், எல்லோரையும் முழுசாகக் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறவள். அந்தத் தகுதியில் பேசுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். என் அம்மா கொழுந்தெடுத்தவர். நான் முதன்முதலாக முதுகுப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது அவர் வாசலில் நின்று கேட்டார்: "நாங்க எப்ப எறக்கி வைக்கிறதுன்னு தவிச்ச மூட்டைய, நீ காசு குடுத்து வாங்கித் தூக்குறியாடி?" இந்தச் சபையில் பாதிப் பேருடைய அம்மாவோ அம்மாயியோ இதையே கேட்டிருப்பார்கள். நியாயமான கேள்வி. நடுத்தலையில் கயிற்றைப் போட்டுக் கூடையை முதுகில் தொங்கவிட்டு, பதினெட்டுக் கிலோ இருபது கிலோ கொழுந்து பறித்தால்தான் ஒரு நாள் பேர் விழும் என்ற கணக்கில் வாழ்ந்தவர்கள் அவர்கள். அந்தப் பாரம் கழுத்து நரம்பிலும் இடுப்பிலும் என்ன செய்தது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். படம் பிடித்துப் போகிறவர்களுக்கு அது அழகாகத் தெரியலாம். நமக்கு அப்படி இல்லை. ஆகவே பாரத்தைக் குறைப்பது எப்படி என்று நான் பேசுவதை வெளிநாட்டு நாகரிகம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஆட்களுக்கு அது பழைய ஆசை.

நடந்து வந்த பரம்பரை நாம். தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியாக, சட்டி பானையையும் துணி மூட்டையையும் பிள்ளையையும் சுமந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்த வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபவனியில் நம் சங்கத்தவர் சிலரும் ஒரு பகுதி நடந்தார்கள். சுமார் 250 கிலோமீற்றர் தூரம். அதில் நடந்த ஓர் அக்கா எனக்குச் சொன்னது: "முதல் நாள் பையில் இருந்ததில் பாதியை மூன்றாம் நாள் வேனில் போட்டுவிட்டேன். அந்தக் காலத்தில் வேன் இல்லையே, அவர்கள் எதைத் தூக்கிப் போட்டிருப்பார்கள்?" இதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது நாம் நடக்கப் போகும் பாதைக்கு வருவோம். பீக்கோ ட்ரெயில் என்று பெயர். கண்டியில் ஹந்தானையிலிருந்து புறப்பட்டு நுவரெலியாவில் முடியும். 22 கட்டங்கள், மொத்தம் 300 கிலோமீற்றருக்கு மேல். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் குதிரையிலும் கால்நடையாகவும் போன பாதைகளை இணைத்துத்தான் இதை அமைத்திருக்கிறார்கள். கலஹா, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை போட்ட லூல்கந்துர, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, பிறகு அப்புத்தளை, எல்ல என்று சுற்றி, உடப்புசல்லாவை, கந்தப்பளை வழியாக நுவரெலியாவுக்கு வருகிறது. பெயர்களைக் கேட்டாலே உங்களில் பலருக்குப் பள்ளி விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர்களின் முகம் ஞாபகம் வரும். ஒவ்வொரு கட்டமும் பெரும்பாலும் ஒரு நாள் நடைதான். ஆகவே தங்கும் சாமான் எல்லாவற்றையும் இருபத்திரண்டு நாளும் சுமக்கத் தேவையில்லை. வழியில் வீடுகளிலும் சிறு விடுதிகளிலும் தங்கலாம். நாம் ஓர் இரவு வெளியில் தங்குவது நம்முடைய ஆசைக்காக. அந்த ஆசைக்கு எவ்வளவு எடை என்பதுதான் இன்றைய கணக்கு.

பொதுவாகச் சொல்வது, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்றக் கூடாது என்று. ஐம்பத்தைந்து கிலோ உள்ளவருக்கு அது பதினொரு கிலோ. என் கருத்தில் நம் வயதுக்கும் நம் மலைக்கும் அதுவே அதிகம். தண்ணீர், சாப்பாடு எல்லாம் சேர்த்து எட்டரைக் கிலோவில் நிறுத்துங்கள். முடியும். பை ஒரு கிலோ. இருவர் கூடாரத்தைப் பிரித்துச் சுமந்தால் ஆளுக்கு ஒரு கிலோ. தூங்கும் பை தொள்ளாயிரம் கிராம், கீழே விரிக்கும் மெத்தை நானூறு, மாற்றுடுப்பும் மழையுடுப்பும் ஒரு கிலோ இருநூறு, அடுப்பிலும் பாத்திரத்திலும் உங்கள் பங்கு நானூறு, இரண்டு நாள் உலர் உணவு ஒரு கிலோ இருநூறு, தண்ணீர் ஒன்றரை லீற்றர் என்றால் ஒன்றரைக் கிலோ, மருந்து, டோர்ச், மற்றச் சில்லறைகள் எண்ணூறு கிராம். கூட்டிப் பாருங்கள், எட்டுக் கிலோ நானூறு. மிச்சம் நூறு கிராம் இருக்கிறது. அதில் அல்வா கொண்டுபோகலாம்.

இதில் முதல் நான்கும்தான் பெரிய சாமான்கள்: பை, கூடாரம், தூங்கும் பை, மெத்தை. எடை குறைக்க விரும்புகிறவர்கள் பல் துலக்கியின் காம்பை வெட்டுவதாகக் கதை உண்டு. அதில் குறைவது ஐந்து கிராம். பழைய மாதிரிக் கூடாரம் இருவருக்கு மூன்று நான்கு கிலோ வரும், இப்போதைய இலேசான துணியில் செய்தது ஒன்றரை முதல் இரண்டு கிலோதான். ஐந்து கிராமை விட்டுவிட்டு அந்த இரண்டு கிலோவைப் பிடியுங்கள்.

பை வாங்கும்போது எல்லோரும் அதிலுள்ள சிப்புகளை எண்ணுகிறார்கள். நான் இடுப்புப் பட்டியைத்தான் பார்ப்பேன். நல்ல பையில் பாரத்தின் பெரும்பகுதி இடுப்பெலும்பில் உட்காரும், தோளில் தொங்காது. கூடைக் கயிற்றுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். பட்டி இடுப்பெலும்பின் மேல் நுனியைத் தழுவ வேண்டும், தொப்புளுக்கு மேலே ஏறக் கூடாது. பெண்களின் முதுகு நீளம் குறைவாக இருக்கலாம், அண்ணனின் பையை இரவல் வாங்கினால் பட்டி தொடையில் வந்து நிற்கும். நாற்பது லீற்றர் போதும். அறுபது லீற்றர் பை வாங்கினால் அதையும் நிரப்பிவிடுவோம். நம் கை அப்படி, வீட்டு அலுமாரியைப் பார்த்தாலே தெரியும்.

ஈரமும் குளிரும் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலையகத்தில் ஆளை விழுத்துவது பாரத்தைவிட இதுதான். ஒவ்வொரு ஆயிரம் மீற்றருக்கும் ஏறத்தாழ ஆறரைப் பாகை வெப்பம் குறையும் என்று பத்தாம் வகுப்பில் படித்தோம். கொழும்பில் இருபத்தேழு என்றால் ஏறத்தாழ 1,900 மீற்றரில் உள்ள நுவரெலியாவில் பதினைந்து. அது சராசரி. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் அங்கேயும் ஹோர்ட்டன் சமவெளியிலும் புல்லில் உறைபனி விழும். ஆனால் உறைபனி விழும் இரவு காய்ந்த இரவு. அதைத் தாங்கலாம். பத்துப் பாகையில் மழையில் நனைந்து, காற்றும் அடித்தால், அதுதான் ஆபத்து. உடல் நடுங்கும், பேச்சுக் குழறும், கை பட்டனைப் போட மறுக்கும். அந்த நிலையில் ஒருத்தி "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னால் நம்பாதீர்கள். ஈர உடுப்பைக் கழற்றிக் காய்ந்ததை உடுத்திவிட்டு, சீனி போட்ட சூடான தேத்தண்ணி கொடுங்கள்.

பருத்தி உடுப்பு வேண்டாம் என்று நான் சொல்லும்போது எல்லோருக்கும் கோபம் வருகிறது. பருத்தி கொழும்புக்கு நல்லது. மலையில் அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு காயவே காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். ஜீன்ஸ் அதைவிட மோசம். நனைந்த ஜீன்ஸோடு ஏறுவது ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்து ஏறுவது போல.

அப்படியானால் எது? நம் பாட்டிமார் போர்த்திய கம்பளியை நினைத்துப் பாருங்கள். தோட்டத்தில் கொடுத்து, பெரும்பாலும் அதன் விலையைச் சம்பளக் கணக்கில் பிடித்துக்கொண்ட அந்தக் கறுப்புக் கம்பளி. தலையில் போட்டு, இடுப்பில் படங்கைக் கட்டி, கொட்டும் மழையில் மலைக்குப் போனார்கள். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை வாங்கிய பிறகும் உடம்பைச் சுடவைக்கும் நூல். இன்று உலகம் முழுவதும் மலையேறுகிறவர்கள் மெரினோ என்று சொல்லி விலை கொடுத்து வாங்குவது அதே ஆட்டு மயிரைத்தான், மெல்லியதாக நூற்றது, அவ்வளவே. ஆனால் அந்தக் காலத்துக் கம்பளி நனைந்தால் கல் மாதிரி கனக்கும், ஆகவே அதைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உள்ளே ஒரு மெல்லிய கம்பளி அல்லது பொலியெஸ்டர் பெனியன், மேலே ஒரு ஃப்ளீஸ், அதற்கும் மேலே காற்றும் மழையும் புகாத மேலங்கி. மூன்று மெல்லிய உடுப்பு ஒரு தடித்த கோட்டைவிட நல்லது. ஏறும்போது கழற்றலாம், நிற்கும்போது போடலாம். வியர்வையில் நனைவதும் நனைவதுதான்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இவற்றைப் பெருவிலை கொடுத்து வாங்கி வர வேண்டாம். நுவரெலியா பேல் பஜாருக்குப் போங்கள். நம் நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய குளிருடுப்புகள் அங்கே குவிந்து கிடக்கும். தையலையும் சிப்பையும் பார்த்து, பேரம் பேசி வாங்குங்கள். அதைத் தைத்த கை நம் பள்ளித் தங்கை ஒருத்தியின் கையாகவும் இருக்கலாம்.

தூங்கும் பை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வாத்திறகு அடைத்தது மிக இலேசு, மிகச் சூடு. ஆனால் நனைந்தால் சுருண்டு போய் ஒன்றுக்கும் உதவாது. எங்கள் பக்கத்து மூடுபனியில் கூடாரத்தின் உட்புறமே வியர்த்துச் சொட்டும். ஆகவே செயற்கைப் பஞ்சு அடைத்தது இருநூறு முந்நூறு கிராம் கூடினாலும் பரவாயில்லை என்பேன். பையில் இரண்டு வெப்ப அளவுகள் எழுதியிருக்கும். அதில் 'சௌகரியம்' என்ற அளவைப் பாருங்கள், 'எல்லை' என்பதைப் பார்க்காதீர்கள். எல்லை என்பது சுருண்டு படுத்து எப்படியோ இரவைக் கழிப்பது. நோர்வூட்டுக்குச் சௌகரியம் பத்துப் பாகை போதும், ஹோர்ட்டன் சமவெளிக்குப் போக நினைத்தால் சுழியத்துக்குப் பக்கத்தில் வேண்டும். மெத்தையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். நிலம் கீழேயிருந்து சூட்டை உறிஞ்சும். எவ்வளவு போர்த்தினாலும் கீழே ஒன்றும் இல்லையென்றால் விடிய விடியக் குளிரும்.

பைக்கு மேலே போடும் மழையுறையை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே ஒரு பெரிய தடித்த பொலித்தீன் பையைப் போட்டு, அதற்குள் தூங்கும் பையையும் இரவுடுப்பையும் வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். இதைவிட மலிவான, இதைவிட நல்ல காப்பு எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஹோர்ட்டன் சமவெளி வாசலில் பொலித்தீனைச் சோதிப்பார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய லேபிளைக்கூட உரித்து எடுத்துவிடுவார்கள். அங்கே போகிறவர்கள் துணியில் செய்த நீர்புகாப் பை கொண்டுபோங்கள்.

சப்பாத்து. காலில் கூடும் ஒரு கிலோ முதுகில் கூடும் ஐந்து கிலோவுக்குச் சமம் என்று இராணுவத்தினருக்காகச் செய்த ஆய்வுகள் கிட்டத்தட்டச் சொல்கின்றன. ஆகவே கனத்த பூட்ஸ் தேவையில்லை. பல் நன்றாக உள்ள இலேசான சப்பாத்து, அரை அளவு பெரியது, முன்பே நாலைந்து தரம் நடந்து பழக்கியது. நீண்ட காலுறை போட்டு அதற்குள் கால்சட்டையைச் செருகினால் அட்டை ஏறாது. சவர்க்காரம் தேய்த்தாலும் கிட்ட வராது. இதையெல்லாம் நான் இந்தச் சபைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இலேசான மூட்டை என்றால் பணக்காரப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். எம்மா கேட்வுட் என்று பெயர். அமெரிக்காவில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண், பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். 1955ஆம் ஆண்டு, அறுபத்தேழாவது வயதில், அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும், மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல், தன்னந்தனியாக மே மாதம் தொடங்கிச் செப்டெம்பரில் நடந்து முடித்தார். அப்படித் தனியாக ஒரே மூச்சில் முடித்த முதல் பெண் அவர். கூடாரம் இல்லை, தூங்கும் பை இல்லை. தானே தைத்த ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு போர்வை, ஒரு மழைக்கோட்டு, மழைக்குப் போர்த்திக்கொள்ளக் குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை. காலில் கென்வஸ் சப்பாத்து. ஒரு தடவை போதாதென்று 1957இலும் நடந்தார். இலேசான சாமான் என்ற யோசனை கடைகளுக்கு வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அது அந்த அம்மாவின் துணிப்பையில் இருந்தது. நம் நாட்டிலிருந்து எவரெஸ்ட் உச்சியை முதலில் தொட்டதும் ஒரு பெண்தான், ஜயந்தி குரு உதும்பால, 2016 மே 21. ஆகவே பெண்பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று வீட்டில் யாராவது கேட்டால், இந்த இரண்டு பெயரையும் சொல்லிவிட்டுப் பையைக் கட்டுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். முதல் நாள் பகலுக்குத் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும். அதை வெல்லும் நடைச் சாப்பாடு எந்த நாட்டிலும் இல்லை. இரவுக்கு நூடில்ஸ், சூப், உலர்ந்த நெத்தலி. பருப்பு வேகவைக்க நினைக்காதீர்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகுமுன் காஸ் தீர்ந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் காஸ் குப்பியைப் பெட்டியில் வைக்காதீர்கள், விமானத்தில் கைப்பையிலும் ஏற்ற முடியாது, பெரிய பெட்டியிலும் ஏற்ற முடியாது. அதைக் கொழும்பில் வாங்கித் தருவது எங்கள் பொறுப்பு.

தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறேன். ஓடை தெளிவாக ஓடுகிறது, வடிகட்டி இருக்கிறது என்று குடித்துவிட வேண்டாம். கிருமியை வடிகட்டி பிடிக்கும், கொதிக்கவைத்தாலும் சாகும். தேயிலைக்குப் போட்ட உரமும் புல்லுக்கு அடித்த மருந்தும் இரண்டிலும் போகாது. தேயிலைக்கும் லயத்துக்கும் கீழே ஓடும் தண்ணீரை எடுக்காதீர்கள். மேலே காட்டிலிருந்து நேராக வரும் பீலியில் எடுங்கள், அல்லது ஒரு வீட்டில் கேளுங்கள். கேட்டால் தண்ணீரோடு தேத்தண்ணியும் வரும், அது நம் ஊர். ஒரு லீற்றர் ஒரு கிலோ என்பதால், எங்கெங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று தெரிந்துவைப்பதே பாரம் குறைக்கும் வழி. அந்தப் பட்டியலை நான் தருவேன்.

எந்த மாதம் நடப்பது? தேயிலைதான் இதற்கு விடை சொல்லும். ஹட்டன், டிம்புளைப் பக்கத் தேயிலைக்கு மணம் கூடுவது ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. காய்ந்த காற்று வீசுவதால்தான் மணம் வருகிறது. கொழுந்துக்கு நல்ல காற்று நடைக்கும் நல்ல காற்று. தென்மேற்குப் பருவ மழை ஹட்டனை ஊறவைக்கும் நாட்களில் மலைக்கு அந்தப் பக்கம் அப்புத்தளையில் வெயில் அடிக்கும். ஆகவே நம் நடையைப் பெப்ரவரியில் வைத்திருக்கிறோம். ஏப்ரலிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேர இடி மின்னல் வரும், அப்போது மொட்டை மலையில் கூடாரம் போடும் பேச்சே வேண்டாம்.

கூடாரம் போடும் இடத்தைப் பற்றிச் சொல்லும்போது நான் சிரிப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்த. லயங்களோடு மனிதர்களை மண் விழுங்கிய காலை அது. அந்த வகுப்பில் படித்த பிள்ளைகளுக்கு நான் படம் வரைந்து விளக்கியிருக்கிறேன்: வெட்டிய மண்மேட்டுக்கு அடியில், ஓடைப் பள்ளத்தில், நிலம் வெடித்த இடத்தில், மரங்கள் சாய்ந்து நிற்கும் சரிவில் ஒருபோதும் படுக்காதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடும். மஞ்சள் விட்டாலே நம் நடை நிற்கும், காசு கட்டியாயிற்றே என்று யாரும் வாதாட வேண்டாம். குளவிக்கூடு உள்ள மரத்துக்கும் கற்பாறைக்கும் கிட்டப் போகாதீர்கள், அந்தப் பக்கத்தில் வாசனைத் தைலமும் புகையும் கூடாது. கொழுந்தெடுக்கும் பெண்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகாத மாதம் உண்டா? இரவில் சாப்பாட்டு மிச்சத்தை வெளியே வைக்காதீர்கள், காட்டுப்பன்றி வரும். நம் தோட்டங்களில் சிறுத்தையும் உண்டு, அது நம்மை விட்டு விலகித்தான் போகும், ஆனால் தனியாக இருட்டில் அலைய வேண்டாம்.

மற்ற நாடுகளில் விரும்பிய இடத்தில் கூடாரம் போடும் வழக்கம் இருக்கலாம். இங்கே எல்லா நிலமும் ஒருவருடைய பொறுப்பில் இருக்கிறது. தோட்டத்தில் துரையின் அனுமதி வேண்டும். ஹோர்ட்டன் சமவெளியில் வனஜீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய இடத்தில், முன்கூட்டியே பதிவு செய்து. நக்கிள்ஸில் வனத் திணைக்களத்திடம். சிவனொளிபாத மலைக்காடு, ஹோர்ட்டன், நக்கிள்ஸ் மூன்றும் 2010 முதல் உலக மரபுரிமை. நமக்கு நோர்வூட்டில் எழுத்தில் அனுமதி வாங்கியாயிற்று. இருந்தாலும் பக்கத்து லயத்து ஆட்களிடம் முதல் நாளே போய்ச் சொல்லப்போகிறேன். அனுமதிக் கடிதத்தைவிட அவர்களுக்குத் தெரிந்திருப்பதுதான் இரவில் பெண்களுக்குப் பாதுகாப்பு.

ஆண்கள் குறைவான சபை என்பதால் வெளிப்படையாக ஒன்று. மலசலகூடம் இல்லாத இடத்தில், தண்ணீரிலிருந்து எழுபது அடியெடுத்துத் தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி மூட வேண்டும். அதற்கு ஒரு சின்ன மண்வெட்டி பொதுவில் வரும். மாதவிடாய்த் துணியோ பேடோ மண்ணில் புதைக்கக் கூடாது, தனிப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். நாட்கள் பிந்திப்போக மாத்திரை போட வேண்டுமா என்று ஒரு தங்கை கேட்டார். அதற்காக நடையை நிறுத்தவும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம், ஒரு நாள் முன்னே சொன்னால் உங்கள் பாரத்தில் ஒரு கிலோவை நான் வாங்கிக்கொள்வேன்.

கடைசியாக, சுமைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி. முழங்கால் வலி உள்ள அக்காமார் கேட்டிருக்கிறார்கள். வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் வருகிறவர் ஒரு தோட்டத்துப் பையனாக இருப்பார், நம் வீட்டுப் பிள்ளை மாதிரி. அவருக்கும் பாரம் பதினைந்து கிலோவைத் தாண்டக் கூடாது, அவருக்கும் மழைக்கோட்டும் தூங்கும் பையும் நாம் கொடுக்க வேண்டும், பேசிய கூலி அன்றன்றைக்கே கையில். மூன்று பேரின் மூட்டையை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு நாம் கையை வீசிக்கொண்டு நடப்பதானால், என் அம்மா வாசலில் கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. முழங்காலுக்கு நான் சொல்லும் வைத்தியம் ஊன்றுகோல். இறக்கத்தில் இரண்டு கோல் இருந்தால் முழங்காலில் இறங்கும் அடி குறையும். வாங்க வேண்டியதில்லை, மூங்கில் போதும். நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதத்துக்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படி ஏறி இறங்கியவர்களுக்குக் கோலின் அருமை தெரியும்.

பெயர் கொடுத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். நடைக்கு இரண்டு கிழமைக்கு முன் உங்கள் பையைக் கட்டி, மாட்டிக்கொண்டு, வீட்டுப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். லண்டனில் மாடிப்படி, சென்னையில் கடற்கரை, கொழும்பில் காலிமுகத்திடல், எதுவானாலும் சரி. அந்த ஒரு மணி நேரத்தில் தேவையில்லாத சாமான் தானாகப் பெயர் சொல்லும். இரண்டாவது ஜோடிச் சப்பாத்து, தடித்த துவாய், முழுப் போத்தல் ஷம்பூ, 'எதற்கும் இருக்கட்டும்' என்று வைத்த எல்லாம். டோர்ச், விசில், முதலுதவி, மாற்றுக் காலுறை, உங்கள் மருந்து, இந்த ஐந்தில் மட்டும் கைவைக்காதீர்கள். சிலர் எடை குறைக்கும் வெறியில் முதலில் அவற்றைத்தான் எடுத்து வெளியே வைக்கிறார்கள்.

கனடா அக்காவின் பத்தொன்பது கிலோ, நாலைந்து தரம் கடிதம் மாறி, இப்போது ஒன்பதே காலில் நிற்கிறது. மிச்சம் உள்ள முக்கால் கிலோ ஒரு புகைப்படக் கருவி. அதை விட மாட்டேன் என்கிறார், நானும் வற்புறுத்தவில்லை.

வெளி விறாந்தையில், பழைய கொழுந்துத் தராசு ஒன்றை இரவல் வாங்கித் தொங்கவிட்டிருக்கிறேன். பக்கத்தில் என்னுடைய பை நான் கட்டியபடியே இருக்கிறது. திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்க்கலாம், திருப்பி அடுக்கிவிட்டால் சரி. தேத்தண்ணியும் வடையும் அடுத்த அறையில் வைத்திருப்பதாகச் செயலாளர் சொல்கிறார்.